பிடுங்கலாமா, வேண்டாமா?

தக்காளிக்காரருக்கு இருந்தது ஒரே ஒரு கேள்விதான். பிடுங்கலாமா, வேண்டாமா?

வயலின் கிழக்கு மூலையில் ஒரு வரிசைச் செடிகள் திடீரென்று தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. இலை பச்சையாகத்தான் இருக்கிறது. புழு இல்லை, பூச்சி இல்லை. காலையில் விறைப்பாக நிற்கிற செடி மத்தியானத்துக்குள் துவண்டு விழுகிறது. தண்ணீர் போதாமல் வாடுகிறது என்றால், பாய்ச்சினால் எழுந்துகொள்ளும். ஒட்டிக்கொள்கிற நோய் என்றாலோ, பாய்ச்சுகிற தண்ணீரே அதை அடுத்த வரிசைக்குக் கைபிடித்து அழைத்துப் போய்விடும். அப்போது தண்ணீரை நிறுத்திவிட்டு, வாடியதைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் காய் பிடித்து நிற்கிற செடியை நிச்சயம் தெரியாமல் பிடுங்க யாருக்குத்தான் கை வரும்?

"நான் பிடுங்கிடறேங்க," என்றாள் மனைவி. "ஒரு வரிசை போனாப் போகட்டும்."

"கொஞ்சம் பொறு. எதிர்லயே படிச்சவங்க அத்தனை பேர் உக்காந்திருக்காங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"கேக்கறது சரி. சீக்கிரம் கேளுங்க. இதுவும் போச்சுன்னா எங்கண்ணன் கடைதான், ஞாபகம் இருக்கட்டும்."

அதை ஞாபகப்படுத்தவே வேண்டியதில்லை. போன விளைச்சலை மழை கொண்டுபோனபோதே பெரிய மச்சான் வீடு தேடி வந்து, "என் டயர் கடையில ஒரு ஸ்டூல் காலியாத்தான் இருக்கு மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மச்சான் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு கை கொடுத்தால் அதை ஊரெல்லாம் சொல்லிக் காட்டுகிற ரகம். அந்த ஸ்டூலில் உட்காருவதைவிட வயலில் வெயிலில் காய்வது மேல் என்று தக்காளிக்காரர் நினைத்தார். ஆகவே வாடிய செடி ஒன்றை வேரோடு எடுத்து, வாளியில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்தார்.

எதிரே இருந்தது ஒருங்கிணைந்த பயன்பாட்டு ஆராய்ச்சி மையம். பயிர், தாவரம், மருத்துவம், உற்பத்தி என்று நான்கு துறைகள், நான்கு கட்டடங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி கிடையாது. வெளியே வந்து, வாசலில் கையெழுத்துப் போட்டு, மறுபடி உள்ளே போகவேண்டும். ஒருங்கிணைப்பு என்பது பெயர்ப்பலகையில் மட்டும் நடந்து முடிந்திருந்தது. பலகையின் கீழே, "ஆய்வு எங்களுடையது, பயன் உங்களுடையது" என்று எழுதியிருந்தார்கள்.

"என்ன விஷயமா வந்தீங்க?" என்றார் வாட்ச்மேன்.

"ஒண்ணுமில்லீங்க. தக்காளிச் செடி வாடுது. பிடுங்கலாமா வேண்டாமான்னு..."

வாட்ச்மேன் பதறி எழுந்து இரண்டு பக்கமும் பார்த்தார். "ஐயையோ, மெதுவா! உள்ள போய் அந்த வார்த்தையைச் சொல்லித் தொலைச்சிடாதீங்க."

"எந்த வார்த்தையை?"

"அதான், இப்ப சொன்னீங்களே."

விஷயம் இதுதான். சில காலத்துக்கு முன் அமைச்சர் ஒருவர் மையத்தைப் பார்வையிட வந்தார். நான்கு கட்டடத்தையும் சுற்றினார், நான்கு இடத்திலும் டீ குடித்தார், எல்லோர் சொன்னதையும் கேட்டுத் தலையாட்டினார். காரில் ஏறும்போது, மாலையும் கையுமாக நின்ற விஞ்ஞானிகளைப் பார்த்து, "அது சரி, இத்தனை பேரும் சேர்ந்து இங்க என்னய்யா பிடுங்கறீங்க?" என்று கேட்டுவிட்டார். அவர் போன பிறகு மையம் அவசரக் கூட்டம் போட்டது. அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று எவரும் பேசவில்லை. அந்த வார்த்தையை ஒழித்துவிடுவது என்று ஒருமனதாக முடிவானது. அன்றிலிருந்து மையத்தின் எல்லைக்குள் எதையும் யாரும் பிடுங்கக் கூடாது, அகற்றலாம். பல் டாக்டர்கூடப் பல்லை அகற்றத்தான் செய்தார். தோட்டக்காரருக்குக் கொடுத்த வேலை உத்தரவில் 'களை பிடுங்குதல்' என்று இருந்ததால், உத்தரவைத் திருத்தி அனுப்பும்வரை அவர் சும்மா இருந்தார். அதற்குள் களை இடுப்பளவு வளர்ந்துவிட, தாவரத் துறை அதன்மேல் ஓர் ஆய்வைத் தொடங்கி, இப்போது அதைத் தொடக் கூடாது என்று வேலி போட்டிருக்கிறது.

"கையில என்ன?" என்றார் வாட்ச்மேன்.

"மாதிரிக்கு ஒரு செடி கொண்டாந்திருக்கேன்."

வாட்ச்மேன் ஓர் அட்டையை எடுத்து, 'கொண்டுவந்தது' என்ற இடத்தில் 'மாதிரி' என்றும், அதன் கீழே 'தொழில்' என்ற இடத்தில் 'விவசாயி' என்றும் எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டார்.

பயிர்த் துறைத் தலைவர் மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொன்னார். செடியை வாங்கி, தண்டை வெட்டி, மேஜைமேல் இருந்த தண்ணீர்க் கிளாஸில் அதன் முனையை நனைத்தார். தண்டிலிருந்து பால் போல ஒரு வெள்ளை இழை மெல்ல இறங்கியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"சுவாரசியமா இருக்கு," என்றார்.

"சார், இதை அகற்றலாமா?" வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை அது.

"அவசரப்படக் கூடாது. முதல்ல இது பயிரா, தாவரமான்னு முடிவு பண்ணணும்."

"தக்காளி சார்."

"அது நீங்க கூப்பிடற பேரு. மண்ணுல நின்னா பயிர், என் துறை. நீங்க வாளியில வச்சுக் கொண்டாந்துட்டீங்களே. வாளியில இருந்தா அது தாவரம். அடுத்த கட்டடம்."

அடுத்த கட்டடத்தில் தாவரத் துறைத் தலைவி செடியைப் பார்த்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சத்தம் போடவேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, இலைக்குப் பக்கத்தில் குண்டூசி அளவுக்கு ஒரு மைக்கை நீட்டினார். செடிகள் கஷ்டத்தில் இருக்கும்போது சத்தம் போடுகின்றனவாம். மனுசன் காதுக்குக் கேட்காதாம். அதைத்தான் இவர்கள் பல காலமாகப் பதிவு செய்து வருகிறார்கள்.

"இப்ப என்ன சொல்லுது மேடம்?"

"பேசுது. அது மட்டும்தான் இப்போதைக்கு உறுதி. என்ன பேசுதுன்னு புரிஞ்சுக்கறது அடுத்த கட்டத் திட்டம். அதுக்கு இன்னும் அனுமதி வரலை."

"அகற்றலாமான்னு அதுகிட்டயே கேட்டுச் சொல்ல முடியுமா?"

தலைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. "பாருங்க, என் துறையில செடிக்கு நோய் வராது. அழுத்தம்தான் வரும். நோய்னு நீங்க சொன்னா அது மருத்துவத் துறை."

மருத்துவத் துறை டாக்டர் எதுவும் கேட்கவில்லை. தக்காளிக்காரரின் சட்டைக் கையை மேலே தள்ளி, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டி, காற்றை அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டர், வாடினது நான் இல்ல. செடி."

"செடிக்குக் கை இல்லையே. பட்டையை எங்க கட்டச் சொல்றீங்க? யாரோட செடியோ அவங்களுக்குத்தான் பாக்கணும்." பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஏறிக் கிடக்கு. தக்காளி சாப்பிடறது நல்லது. இல்லேன்னா கொஞ்சம் பொறுங்க, தக்காளிச் சத்தை மாத்திரையாப் பண்ணிக்கிட்டிருக்கோம்."

"அதுக்குத் தக்காளி வேணுமே டாக்டர்?"

"மாத்திரை வந்துட்டா தக்காளி எதுக்கு?" என்றார் டாக்டர், நிஜமாகவே புரியாமல்.

கடைசியாக உற்பத்தித் துறை. அங்கே இன்ஜினியர் ஒருவர் முழங்கால் உயரக் குச்சி ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல ஏந்தி வந்தார். குச்சியின் தலையில் ஒரு விளக்கு. செடிக்குப் பக்கத்தில் நட்டுவைத்தால், செடி வாடியதும் விளக்கு சிவப்பாக எரியும், கூடவே கத்தவும் செய்யும்.

"வாடினா எனக்கே தெரியுதே சார். கண்ணு இருக்கே."

இன்ஜினியர் பொறுமையாகச் சிரித்தார். "உங்களுக்குத் தெரியறது வெறும் விஷயம். இதுக்குத் தெரியறது தரவு."

"வாடினப்புறம் என்ன செய்யணும்னு அது சொல்லுமா?"

"செய்யறது பயன்படுத்தறவங்க பொறுப்பு. நாங்க அதுல தலையிடறதில்ல."

தக்காளிக்காரர் வயலுக்குத் திரும்பி வந்தபோது மனைவி வரப்பில் நின்றிருந்தாள். இரண்டாவது வரிசையும் சாய ஆரம்பித்திருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"சுவாரசியமா இருக்குன்னாங்க."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நான் பிடுங்கப் போறேன்."

"ஆராய்ச்சி பண்றவங்க ஒண்ணு சொல்றதுக்குள்ள நாம அவசரப்பட்டுடக் கூடாது. நல்ல செடியா இருந்துட்டா பாவம் இல்லையா? நாளைக்குச் சொல்லிடுவாங்க," என்றார். அப்படி நம்பினார் அந்த மனுசன். நான்கு கட்டடம் கட்டி, குளிர்சாதனம் போட்டு, சம்பளமும் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள் என்றால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத்தான் இருக்கும் என்று நம்புவது பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. ஆனாலும் தண்டனை கிடைத்தது. மறுநாள் போனார், அதற்கு மறுநாளும் போனார். வாளி கையில் இருந்ததால் தாவரம் என்றார்கள். வாளியை வீட்டில் வைத்துவிட்டுப் போனால், செடி எங்கே என்றார்கள்.

ஒரு நாள் அவர் வாளியோடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது அந்த வழியாக டைரக்டர் வந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் சட்டென்று நின்றார்.

"மாதிரி விவசாயி!" என்று கூவினார். "உங்களைத்தாங்க தேடிக்கிட்டிருக்கோம்!"

மையத்தின் ஆண்டு மாநாட்டுக்கு எந்தக் குறையும் இல்லை. மேடை தயார், சாப்பாடு தயார், கேடயம்கூடத் தயார். மாதிரி விவசாயி மட்டும்தான் கிடைக்கவில்லை. மையத்தின் ஆலோசனைகளை அப்படியே பின்பற்றிய ஒரே ஒருவர் முன்பு இருந்தார். அவர் இப்போது நிலத்தை விற்றுவிட்டு வாடகைக் கார் ஓட்டுகிறார்.

"சார், நான் மாதிரி விவசாயி இல்ல. மாதிரி கொண்டாந்த விவசாயி."

"என்ன ஒரு அடக்கம்!" என்றார் டைரக்டர், பக்கத்தில் இருந்தவரிடம். "போட்டோ எடுங்க."

தக்காளிக்காரர் மறுத்திருக்கலாம். ஆனால் ஒரு கணக்குப் போட்டார். மாநாடு என்றால் நான்கு துறைத் தலைவர்களும் ஒரே இடத்தில் இருப்பார்கள். இது உங்களுடையது, அது அவருடையது என்று கைகாட்டிவிட அடுத்த கட்டடம் இருக்காது. மேடையில் ஏறி, மைக்கில் கேட்டுவிட்டால் யாராவது ஒருத்தர் வாயைத் திறந்துதானே ஆகவேண்டும்? சரி என்றார். மனைவியிடம் சொன்னபோது அவள் வயலைக் கைகாட்டினாள். அதற்குள் பாதி வயல் சாய்ந்திருந்தது.

மாநாட்டில் டைரக்டர்தான் முதலில் பேசினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உள்ளம் திறந்து பேசினார்.

"பெரியோர்களே, இந்த மையம் தொடங்கப்பட்டபோது இந்த வட்டார விவசாயிகளுக்கு எத்தனை பிரச்சினைகள் இருந்தனவோ, அத்தனையும் இன்றைக்கும் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றைக்கூட நாம் இழக்கவில்லை. கறக்கிற மாட்டை யாராவது விற்பார்களா? நம்முடைய ஆராய்ச்சி மக்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசித்தார்களா? மக்கள் அதைப் பயன்படுத்திப் பார்த்துவிடுவார்கள். பயன்படுத்திப் பார்த்தால் அது வேலை செய்கிறதா இல்லையா என்பது வெளியே தெரிந்துவிடும். இத்தனை பேர் இத்தனை காலம் கட்டிக் காத்த பெயரை அப்படி ஓர் அபாயத்துக்கு உட்படுத்துவது பொறுப்பான செயலா?"

கைத்தட்டல் அடங்க நேரம் ஆனது. தாவரத் துறைத் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து மாதிரி விவசாயியைக் கூப்பிட்டு, மையத்தால் தான் அடைந்த பயன்களைச் சொல்லச் சொன்னார்கள். தக்காளிக்காரர் மைக்கைப் பிடித்தார். அகற்றல் என்ற வார்த்தை அந்த நேரம் பார்த்து அவருக்கு மறந்து போனது.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒரே ஒரு கேள்விதாங்க. என் தக்காளியைப் பிடுங்..."

மைக் செத்தது. தொகுத்து வழங்கிய பெண்மணி ஓடி வந்து வேறொரு மைக்கில், "ஐயா உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்" என்றார். உடனே கேடயத்தைக் கையில் திணித்து, தோளைப் பிடித்துத் திருப்பி, மறுபக்கப் படி வழியாக இறக்கிவிட்டார்கள்.

சாப்பாட்டு மேஜையில் பயிர்த் துறைத் தலைவர் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தட்டில் வட்ட வட்டமாக வெட்டிய தக்காளி. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மனசு கஷ்டமா இருக்குங்க. உங்க செடிக்கு வந்திருக்கிறது பாக்டீரியா வாடல். தண்டுலேர்ந்து பால் மாதிரி இறங்கிச்சு பாருங்க, அதான் அடையாளம். தண்ணி வழியாத்தான் பரவும். பாய்ச்சறதை நிறுத்திட்டு, வாடினதைப் பிடுங்கி எரிச்சிடணும். வேற வழியே இல்ல."

"இது எப்ப சார் தெரிஞ்சது உங்களுக்கு?"

"நீங்க வந்த அன்னைக்கே. பாத்த உடனே தெரிஞ்சிடுச்சு."

"அப்ப ஏன் சார் அன்னைக்கே சொல்லல?"

பயிர்த் துறைத் தலைவர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "என்னங்க நீங்க. பாத்த உடனே தெரிஞ்சதையெல்லாம் சொல்லிட்டா, அது ஆராய்ச்சியா?"

தக்காளிக்காரருக்கு அந்தத் தட்டை எடுத்து அந்த ஆள் தலையில் கவிழ்க்கவேண்டும் என்று இருந்தது. அதற்கு நேரம் இல்லை. வெளியே ஓடி வந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"பிடுங்கிடு! வாடினது அத்தனையும் பிடுங்கிடு! தண்ணியை நிறுத்திடு!"

"எங்கங்க பிடுங்கறது?" மறுமுனையில் அவள் குரல் உடைந்தது. "காலைலயே உங்க மையத்து ஆளுங்க வந்து வயலைச் சுத்தி ரிப்பன் கட்டிட்டாங்க. இது இனிமே மாதிரி வயலாம். ஆராய்ச்சிக்கு எடுத்துட்டாங்களாம், கை வச்சா கேஸாம். செடிக்குச் செடி ஒரு குச்சி நட்டு வச்சிருக்காங்க, கிட்ட போனாலே கத்துது. போட்டோவுல பச்சையாத் தெரியணும்னு மோட்டாரைப் போட்டு வயல் பூரா தண்ணி விட்டுட்டாங்க!"

ரிப்பனை அவிழ்க்க அவர் யாரையெல்லாம் கெஞ்சினார் என்று சொல்லி உங்களைச் சோர்வடையச் செய்யவேண்டாம். கட்டியது உற்பத்தித் துறை, ரிப்பன் வாங்கியது மருத்துவத் துறை, அவிழ்க்கச் சொல்லவேண்டியது பயிர்த் துறை. தாவரத் துறையோ இத்தனை செடிகள் ஒரே நேரத்தில் பேசுவதை இதற்கு முன் பதிவு செய்ததே இல்லை என்பதால், யாரும் வயலில் இறங்கக் கூடாது என்றது. வயலில் ஒவ்வொரு விளக்காகச் சிவந்துகொண்டே வந்தது. ஒரு குச்சிகூடப் பழுதாகவில்லை என்று இன்ஜினியர் பூரித்துப் போனார்.

கடைசி விளக்கும் சிவந்த பிறகு டைரக்டர் பரிவாரத்தோடு வயலுக்கு வந்தார். மையம் ஆரம்பித்த நாளிலிருந்து சாலையைக் கடந்து அவர் இந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. ஷூவில் சேறு படாமல் இருக்க வரப்பில் ஒரு விரிப்பைப் போட்டிருந்தார்கள். அத்தனை செடிகளும் பழுப்பாகி, மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. டைரக்டர் நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தார். பயிர்த் துறைத் தலைவர் அவர் காதில் ஏதோ சொன்னார். டைரக்டரின் முகம் மலர்ந்தது.

"எல்லாரும் குறிச்சுக்குங்க," என்றார். "இன்றைய நிலவரப்படி இந்த மாதிரி வயலில் புதிதாக ஒரு செடிகூட நோயால் பாதிக்கப்படவில்லை. நோய்ப் பரவல் முழுமையாக நின்றுவிட்டது."

நான்கு துறையும் கை தட்டியது.

தக்காளிக்காரரின் மனைவி ரிப்பனைத் தாண்டி வந்தாள். குச்சிகள் கத்தின. அவள் அதைப் பொருட்படுத்தாமல் டைரக்டர் எதிரே வந்து நின்றாள்.

"ஐயா, இப்பவாவது சொல்லுங்க. பிடுங்கலாமா, வேண்டாமா?"

துறைத் தலைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆனால் டைரக்டர் அன்றைக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தார். வெற்றியில் மனிதர்களுக்கு மனசு விரிந்துவிடுகிறது.

"தாராளமா பிடுங்கலாம்மா," என்றார். "ஆய்வு முடிஞ்சது. இனி இது உங்க வயல்."

"நான் எதுக்குய்யா? நீங்களே பிடுங்கிட்டுப் போங்க," என்றாள் அவள். "இத்தனை பேரும் இத்தனை வருஷம் இருந்ததுக்கு எதையாவது பிடுங்கின மாதிரி இருக்கும்."

டைரக்டர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பயிர்த் துறைத் தலைவரைப் பார்த்தார். அவர் தாவரத் துறைத் தலைவியைப் பார்த்தார். தலைவி டாக்டரைப் பார்க்க, டாக்டர் இன்ஜினியரைப் பார்த்தார்.

தக்காளிக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. மோட்டார் கொட்டகைப் பக்கம் ஒதுங்கிப் போய், போனை எடுத்து, பெரிய மச்சானைக் கூப்பிட்டார். நாளைக்குக் கடைக்கு வரலாமா, வேண்டாமா என்று கேட்டார். மச்சான் உடனே பதில் சொல்லிவிட்டார்.